சாமல்பட்டிப் பாறையும் ஓசூர் மோட்டாரும்: மண்ணுக்கடியில் இருப்பது எப்போது செல்வமாகிறது?

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஏழு அரிய மண் தனிமங்களையும் (வலுவான காந்தம் செய்ய உதவும் உலோகக் குடும்பம் இது) அவை கலந்த காந்தங்களையும் இனி அரசு உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது என்பதுதான் சாரம். சில வாரங்களிலேயே அதன் சூடு ஓசூர் பக்கம் தெரிந்தது. காந்தம் வரவில்லை என்றால் மின்சார வண்டி உற்பத்தியைக் குறைக்க வேண்டிவரும் என்று இருசக்கர வாகன நிறுவனங்கள் வெளிப்படையாகவே பேசத் தொடங்கின. ஓசூரும் போச்சம்பள்ளியும் நாட்டின் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியில் முக்கிய இடங்கள். அங்கே ஒரு பாகம் நின்றால் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறை வரைக்கும் அடி விழும்.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் இருக்கிறது சாமல்பட்டி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கார்பனடைட் என்ற அபூர்வமான எரிமலைக் குடும்பப் பாறை இருப்பது நிலவியலாளர்களுக்குப் பல காலமாகத் தெரியும். உலகில் அரிய மண் தனிமங்கள் பெருமளவு கிடைப்பது இந்த வகைப் பாறையில்தான். அரூர்–ஊத்தங்கரை பட்டையில், எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதையும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆராய்ந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது நியாயம். காலடியில் இருக்கிறது என்கிறார்கள், அப்புறம் ஏன் சீனாவிடம் கையேந்த வேண்டும்? தோண்டினால் மாவட்டம் செழிக்குமா, சீரழியுமா? இந்தக் கேள்விகளைச் சந்தித்த முதல் ஆட்கள் நாம் இல்லை. பல நாடுகள் இதில் எழுந்திருக்கின்றன, பல நாடுகள் விழுந்திருக்கின்றன. அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் சில விதிகளைப் பிடித்துக்கொண்டால் நம் ஊர் விவகாரமும் தெளிவாகும்.

முதலில் மூன்று சொற்கள்

1. படிவு. மண்ணுக்கடியில் ஒரு கனிமம் இருக்கிறது என்பது மட்டுமே இதற்கு அர்த்தம். எவ்வளவு, எந்தத் தரம், எடுக்க முடியுமா என்பதெல்லாம் இதில் அடங்காது. சாமல்பட்டி பற்றிய பேச்சு இப்போதைக்கு இந்தக் கட்டத்தில்தான் நிற்கிறது.

2. இருப்பு. இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில், செலவு போக லாபத்தோடு எடுக்க முடிகிற அளவு. விலை ஏறினால் இருப்பு கூடும், இறங்கினால் குறையும். பாறை அதே பாறைதான். ஆகவே 'இத்தனை லட்சம் கோடி மதிப்புள்ள கனிமம் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு பார்த்தால், அது படிவா இருப்பா என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

3. உபரி. விற்ற விலையிலிருந்து எடுத்த செலவையும் முதலாளிக்கு நியாயமான லாபத்தையும் கழித்தபின் மிஞ்சுவது. இது யாரும் உழைத்துச் சம்பாதித்தது அல்ல, பூமி கொடுத்தது. ராயல்டி (எடுத்த கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் பங்கு), கிரானைட், ஜல்லி போன்றவற்றுக்கு அதே போல் வாங்கும் சீனியரேஜ் கட்டணம், ஏலத் தொகை, கனிம வரி எல்லாமே இந்த உபரியில் பொதுமக்களின் பங்கை வாங்கும் வழிகள்.

இந்த உபரியைப் பற்றி ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். பெங்களூரா மாங்காயைக் கூழ் ஃபேக்டரிக்குப் போட்டு வாங்கும் காசு வருமானம். மரம் அடுத்த வருடமும் காய்க்கும். தோப்பையே கிரயம் செய்து கொடுத்து வாங்கும் காசு வருமானம் இல்லை, அசல். கிரானைட், தங்கம், எண்ணெய் எல்லாம் இரண்டாவது ரகம். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. அந்தக் காசை வருமானம் என்று எண்ணிச் செலவழித்த நாடுகள் விழுந்தன. அசல் என்று எண்ணி வேறு சொத்தாக மாற்றிய நாடுகள் நின்றன. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பெரும்பாலான கதை இதுதான்.

காந்தம் ஏன் நின்றது?

மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரைப் பிரித்தால், சுழலும் ரோட்டாரில் சின்னச் சின்னக் கட்டிகளாகக் காந்தம் பதித்திருக்கும். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் கலந்த காந்தம். ஒரு வண்டிக்குச் சில நூறு கிராம் போதும். சிக்கல் சூட்டில் இருக்கிறது. மோட்டார் சூடேறும்போது இந்தக் காந்தம் வலுவிழக்கும். அதைத் தாங்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற இரண்டு தனிமங்களைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். சீனா உரிமம் கேட்ட ஏழு தனிமங்களில் இந்த இரண்டும் அடக்கம். விலையில் பார்த்தால் ஒரு வண்டியில் மிகச் சிறிய பங்கு, ஆனால் அது இல்லாமல் வண்டி நகராது.

பாறையிலிருந்து காந்தம் வரை உள்ள படிகள் இவை:

1. தோண்டி எடுப்பது. இருப்பதிலேயே எளிதான படி இதுதான்.
2. பாறையைப் பொடித்து, வேண்டிய கனிமத்தைச் செறிவாக்குவது.
3. தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது. இவற்றின் வேதியியல் குணங்கள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அமிலத்திலும் கரைப்பானிலும் நூற்றுக்கணக்கான கட்டங்களாகத் திரும்பத் திரும்பக் கழுவிப் பிரிக்க வேண்டும். கூடவே வருவது அமிலக் கழிவும், தோரியம், யுரேனியம் கலந்த கதிரியக்கக் கழிவும்.
4. பிரித்த ஆக்சைடை உலோகமாக்குவது.
5. உலோகத்தைக் கலந்து, பொடித்து, அழுத்தி, சூளையில் இறுக்கிக் காந்தமாக்குவது.

உலகின் பிடி மூன்றாவது படியிலிருந்து ஐந்தாவது படி வரை இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவின் கையில். இது அவர்களுக்கு மண் கொடுத்த வரம் மட்டும் இல்லை. 1980-கள் வரை அரிய மண் தனிமங்களில் முன்னணியில் இருந்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் மவுண்டன் பாஸ் சுரங்கம். கழிவு நீர்ப் பிரச்சினையும் சீனாவின் மலிவு விலையும் சேர்ந்து 2002-ல் அது நின்றது. அதற்கு முன்பே, 1995-ல், ஜெனரல் மோட்டார்ஸ் வளர்த்த மேக்னிக்வெஞ்ச் என்ற காந்த நிறுவனம் சீனப் பங்குதாரர்கள் அடங்கிய குழுவுக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஆலையே சீனாவுக்கு நகர்ந்துவிட்டது. மத்திய கிழக்கில் எண்ணெய் இருக்கிறது, சீனாவில் அரிய மண் இருக்கிறது என்ற பொருளில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் 1992-ல் பேசியதாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல பத்தாண்டு ஆராய்ச்சியும், பொறியாளர்களும், வட சீனாவின் பாவோதோவ் நகரத்துக்கு வெளியே பரந்து கிடக்கும் நச்சுக் கழிவு ஏரியும் இருக்கின்றன. கடைசியில் சொன்னதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தியாவின் நிலை என்ன? 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கன்னியாகுமரி பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில், அரிய மண்ணும் தோரியமும் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைய காஸ் விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டதால் அந்த மணல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1950-ல் இந்திய அரிய மண் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று இந்தியாவின் அரிய மண் இருப்பு ஆக்சைடு கணக்கில் சுமார் 69 லட்சம் டன், உலகின் பெரிய இருப்புகளில் ஒன்று. 2024-ல் எடுத்ததோ ஏறக்குறைய 2,900 டன். அதே ஆண்டு சீனா எடுத்தது சுமார் 2,70,000 டன். எடுத்துப் பிரித்ததிலும் ஒரு பகுதி ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது, வாங்கிக் காந்தமாக்க இங்கே ஆலை இல்லை என்பதால். நூறு வருடத்துக்கு மேலாக மணலைக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டாருக்கான காந்தத்தை வெளியே வாங்கியிருக்கிறோம். 2025 நவம்பரில் மத்திய அரசு இந்தக் காந்தங்களை உள்நாட்டில் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தாமதம்தான், ஆனாலும் கை வைத்திருக்கும் இடம் சரியானது: தோண்டுவதில் தொடங்காமல் காந்தத்தில் தொடங்கியிருக்கிறார்கள்.

செல்வம் வந்து கெடுத்த கதை

சரி, எடுக்கவும் முடிகிறது, விற்கவும் முடிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாடுகள் ஏன் விழுந்தன?

*ஸ்பெயின்.* 1545-ல் இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொத்தோசி மலையில் வெள்ளி கிடைத்தது. கப்பல் கப்பலாக வெள்ளி வந்தும் மன்னர் இரண்டாம் பிலிப்பின் அரசு 1557, 1575, 1596 ஆண்டுகளில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. வரப்போகும் வெள்ளியை நம்பிப் போருக்குக் கடன் வாங்கினார்கள்; வெள்ளி இத்தாலியின் ஜெனோவா நகர வட்டிக்காரர்களிடம் போனது. உள்நாட்டில் விலைவாசி ஏறியதால் ஸ்பானிய நெசவாளியின் துணியைவிட இறக்குமதித் துணி மலிவானது. வெள்ளி வந்த ஊரில் தறி நின்றது.

*நெதர்லாந்து.* 1959-ல் குரோனிங்கனில் மாபெரும் இயற்கை எரிவாயு வயல். எரிவாயு ஏற்றுமதியால் அன்னியப் பணம் குவிந்து நாட்டு நாணயத்தின் மதிப்பு ஏறியது. நாணயம் ஏறினால் அந்த நாட்டு ஃபேக்டரிச் சரக்கு வெளிச்சந்தையில் விலை கூடிப்போகும். தொழிற்சாலைகள் சுருங்கின. 1977-ல் பத்திரிகை ஒன்று இதற்கு 'டச்சு நோய்' என்று பெயர் வைத்தது. யாரும் திருடவில்லை, யாரும் தவறாகச் செலவழிக்கவில்லை என்றாலும் வரக்கூடிய நோய் இது. ஒரு வளம் செழிக்கும்போது அதன் பக்கத்தில் இருக்கும் மற்றத் தொழில்கள் மூச்சுத் திணறுகின்றன.

*நவ்ரு.* பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. பறவை எச்சத்தால் உருவானதாகச் சொல்லப்படும் பாஸ்பேட் நிறைந்த நிலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாகப் போனது. 1968-ல் சுதந்திரம் கிடைத்தபின் பணம் முழுதும் தீவுக்கே வந்தது. 1970-களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசை. எதிர்காலத்துக்கென்று நிதியும் வைத்தார்கள். ஆனால் அதை விமான நிறுவனம், ஹோட்டல்கள், லண்டனில் சில வாரங்களில் படுத்துவிட்ட ஓர் இசை நாடகம் என்று இறைத்தார்கள். 1990-களில் பாஸ்பேட் தீரத் தொடங்கியபோது நிதியும் கரைந்திருந்தது. தீவின் நடுப்பகுதி முழுக்கக் கூரான சுண்ணாம்புப் பாறை முட்டுகள். பயிர் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். அங்கே நிதி வைக்காமல் இருந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. வைத்த நிதிக்குக் காவல் இல்லை.

அரசியல் பக்கமும் ஒன்று உண்டு. குடிமக்களிடம் வரி வாங்கி நடக்கும் அரசு கணக்குச் சொல்லியாக வேண்டும். கிணற்றிலிருந்தே பணம் வரும் அரசுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு உள்ள நாடு என்று கணக்கிடப்படும் வெனிசுவேலா, 1990-களின் இறுதியில் நாளுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தது. பிறகு 10 லட்சத்துக்கும் கீழே போனது. அமெரிக்கா போட்ட பொருளாதாரத் தடைகளும் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்பே எண்ணெய் நிறுவனத்தின் திறமையான ஆட்களையும் பராமரிப்புப் பணத்தையும் அரசியல் விழுங்கியிருந்தது.

பக்கத்திலேயே ஒரு பாடம்: தங்கவயல்

நவ்ரு வரை போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே பெரிய அளவில் சுரங்கம் இறக்கியது. அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து, அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அடங்கிய வறண்ட நிலத்திலிருந்து, தமிழ்க் குடும்பங்கள் திரளாகப் போயின. தங்கவயலில் இன்றும் தெருவில் கேட்பது பெரும்பாலும் தமிழ்.

சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும் விபத்துகள் நடந்தன; பாறைத் தூசியால் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டது. இப்படி எடுத்த தங்கம் மொத்தம் 800 டன்னுக்கு மேல். லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போனது, மைசூர் சமஸ்தானத்துக்கு ராயல்டி கிடைத்தது. 1956-ல் அரசுடைமை ஆனபோது நல்ல தங்கம் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. போகப் போக ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

மிச்சம் என்ன? சயனைடு கலந்த கழிவு மண் மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும். விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான ஆட்கள். நூற்றிருபது வருடம் தங்கம் எடுத்த ஊரில், தங்கத்துக்குப் பிறகு என்ன என்பதற்கு ஒரு தொழில்கூட வேர்விடவில்லை.

ஒன்றே ஒன்று உருப்படியாக நின்றது, அதைக் கவனிக்க வேண்டும். சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுக்க 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். 1905-ல் பெங்களூரின் தெருவிளக்கு எரிந்தது அந்த மின்சாரத்தில்தான். தங்கம் தீர்ந்தது, மின்நிலையமும் அதைச் சுற்றிப் பெங்களூரில் வளர்ந்த தொழிலும் இருக்கின்றன. அசல் வேறு சொத்தாக மாறிய இடம் அது. ஆனால் மாறிய சொத்து நிலைகொண்டது பெங்களூரில், உயிரைக் கொடுத்துத் தோண்டிய ஊரில் இல்லை. ஒரு மாநிலத்துக்கு லாபமாக இருக்கும் கனிமம் ஓர் ஊருக்கு நஷ்டமாக முடியலாம். நாட்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

தப்பித்தவர்கள் என்ன செய்தார்கள்?

நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் 1969-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே அங்கே ஒழுங்கான வரி நிர்வாகமும் கேள்வி கேட்கும் நாடாளுமன்றமும் இருந்தன. வரிசை முக்கியம், நிர்வாகம் முதலில், எண்ணெய் பிறகு. ஈராக்கிலிருந்து குடியேறிய ஃபாரூக் அல்-காசிம் என்ற நிலவியலாளர், எண்ணெய் நாடுகள் எங்கே சறுக்கின என்பதை நேரில் பார்த்தவர். நார்வேயின் எண்ணெய்க் கொள்கையை வடிவமைத்தவர்களில் அவர் முக்கியமானவர். எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைக்கும் நிதிக்கு 1990-ல் சட்டம், 1996-ல் முதல் தொகை. மொத்தப் பணமும் வெளிநாட்டில்தான் முதலீடு. உள்நாட்டில் கொட்டினால் டச்சு நோய் வரும் என்பதுதான் காரணம். ஆண்டுக்கு நிதியில் சுமார் 3 சதவீதத்துக்கு மேல் செலவழிப்பதில்லை என்பது வழிகாட்டு விதி. தொடக்கத்தில் 4 ஆக இருந்ததை 2017-ல் குறைத்தார்கள். அதாவது விளைச்சலைத் தொடுகிறார்கள், அசலைத் தொடுவதில்லை.

நார்வே பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்று சொல்பவர்களுக்குப் பதில் போட்ஸ்வானா. 1966-ல் சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுவதற்கும் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர். முதல் அதிபர் செரட்சே காமா, கனிம உரிமை எந்த இனக்குழுவுக்கும் தனியாக இல்லை, நாட்டுக்கே சொந்தம் என்று 1967-ல் சட்டம் செய்தார். ஒராபா வைரம் கிடைத்த நிலம் அவருடைய சொந்த இனக்குழுவின் பகுதி. வைர நிறுவனத்தில் அரசுக்குப் பாதிப் பங்கு வாங்கினார்கள். கனிமப் பணத்தைப் பள்ளி, மருத்துவம், சாலை போன்ற முதலீட்டுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று கணக்கு விதி வைத்தார்கள். இது அவர்களை ஆப்பிரிக்காவின் மிக ஏழை நாடுகளில் ஒன்றிலிருந்து நடுத்தர வருமான நாடாக ஏற்றியது.

அதே போட்ஸ்வானா இப்போது தடுமாறுகிறது. ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்ததும் வைர விலை சரிந்தது. 2024-ல் பொருளாதாரம் சுருங்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில், சுதந்திரம் முதல் ஆண்டுவந்த கட்சி தோற்றது. நிர்வாகம் நன்றாக இருந்தும், ஏற்றுமதி ஒரே பொருளை நம்பியே இருந்தது.

கனிமத்தின் மதிப்பு நிலையானது அல்ல

இன்று சிலியில் இருக்கும் அட்டகாமா பாலைவனத்தின் வெடியுப்புக்காக (உரத்துக்கும் வெடிமருந்துக்கும் வேண்டிய நைட்ரேட் உப்பு) 1879 முதல் 1883 வரை ஒரு போரே நடந்தது. பொலிவியா தன் கடற்கரையை இழந்தது அதில்தான். வெடியுப்பு வரியில் சிலி அரசு செழித்தது. 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக்கிக் காட்டினார், 1913-ல் ஜெர்மனியில் ஆலை ஓடியது. வெடியுப்புக்கு மாற்று கிடைத்தபின் அந்தப் பாலைவன நகரங்கள் காலியாயின.

நம் பக்கமும் இதைப் பார்த்திருக்கிறது. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பழைய இரும்புத் தொழில் இந்த மண்ணில் இருந்தது. 1830-ல் ஹீத் என்பவர் சேலம் வட்டார இரும்புத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். தாது இருந்தது, கரி போதவில்லை. மரக்கரிக்குக் காடு தாங்கவில்லை; இங்கிலாந்தோ நிலக்கரியில் உருக்கி மலிவாக இறக்கியது. சில பத்தாண்டுகளில் ஆலை நின்றது, ஊர் ஊராக இருந்த சின்ன உலைகளும் அணைந்தன. சேலம் பக்கத்துக் கஞ்சமலையில் தாது இன்னும் இருக்கிறது.

ஓசூர் காந்தத்துக்கும் இது பொருந்தும். விநியோகம் நின்றதும் அரிய மண் இல்லாமல் இரும்பு ஆக்சைடில் செய்யும் ஃபெரைட் காந்த மோட்டாரை நோக்கி இந்திய நிறுவனங்கள் வேகமாக நகர்கின்றன. ஒரு படிவை ஆராய்ந்து, உறுதிசெய்து, சுரங்கமாக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். அதற்குள் தேவையே மாறிவிடலாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி: நம் இரண்டு மாவட்டங்களின் கணக்கு

கிருஷ்ணகிரி கிரானைட் உலகச் சந்தையில் பேர்போனது. குவாரியில் வயர் சா என்ற கம்பி ரம்பம் வைத்து அறுத்தெடுக்கும் கல்லில் ஒரு கோடு, ஒரு நிறத்திட்டு இருந்தாலும் பிளாக் தேறாது; கழிவுக் குவியலுக்குப் போகும். தேறிய பிளாக் டிரெய்லரில் துறைமுகத்துக்குப் போகிறது. இங்கே அறுத்து மெருகேற்றிப் பலகையாகவோ கல்லறைக் கல்லாகவோ அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முரட்டு பிளாக்காகப் போகும் ஒவ்வொரு கல்லிலும் நாம் முதல் படியோடு நின்றுவிடுகிறோம். போன கல்லுக்குப் பதிலாக நிற்பது தண்ணீர் தேங்கிய பள்ளம்.

இதைவிடப் பெரிய கனிமம் தண்ணீர். இந்தப் பாறைகளில் இருக்கும் ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் காவி படிந்தது, பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகின. இதற்காக 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் திறக்கப்பட்டது. எந்தக் கனிமத் திட்டத்தையும் இந்த மாவட்டங்களில் எடைபோடும்போது, நிலத்தடி நீரை அது என்ன செய்யும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தில் நடந்திருப்பவை:

1. கிரானைட்டும் ஜல்லியும் சிறு கனிமங்கள், மாநில அரசின் கையில். அரிய மண், மாலிப்டினம் போன்றவை மத்தியக் கனிமச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு 'முக்கியக் கனிமங்கள்' என்ற தனிப் பட்டியலில். ஏலம் விடுவது மத்திய அரசு, வருவாய் மாநிலத்துக்கு.

2. ராயல்டி என்பது வரி அல்ல, கனிம உரிமைகள் மீது மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன்படி தமிழ்நாடு கொண்டுவந்த கனிம நில வரி நடைமுறைக்கு வந்ததும் தற்செயலாக அதே 2025 ஏப்ரல் 4. குவாரி, கிரஷர் உரிமையாளர்களின் வேலைநிறுத்தமும் எம்-சாண்ட், ஜல்லி விலையேற்றமும் அதைத் தொடர்ந்தவை. வீடு கட்டுபவர்களுக்குச் சுமைதான். ஆனாலும் அசலுக்குப் பொதுவில் ஒரு விலை வாங்குவது சரி. அந்தப் பணம் அன்றாடச் செலவில் கரைவதுதான் தவறு.

3. முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. தமிழக முதல்வர் எதிர்த்துக் கடிதம் எழுதினார். அவசரம் புரிகிறது. ஆனால் கதிரியக்கக் கழிவு சேரக்கூடிய ஒரு தொழிலில் ஊராரின் கேள்வியை எடுத்துவிடுவது, தங்கவயலில் நடந்ததை வேறு பெயரில் திரும்பச் செய்வது.

ஒரு திட்டம் வந்தால் கேட்க வேண்டியவை

1. இது எந்தக் கட்டம்? இந்திய முறையில் ஜி-4 என்பது முதல் நோட்டம், ஜி-1 என்பது விரிவான ஆய்வு. ஜி-4-ல் இருக்கும்போதே நிலம் வாங்கி விற்கும் தரகர்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும் விலையை நம்பி ஒரு சென்ட் கூடக் கைமாறக் கூடாது.

2. பிரித்தெடுக்கும் ஆலை எங்கே? இங்கே என்றால் வேலையும் கழிவும் இங்கே. வேறெங்கோ என்றால் வேலை அங்கே, பள்ளம் இங்கே. இரண்டுக்கும் விலை உண்டு, எழுத்தில் தெரிய வேண்டும்.

3. கழிவை எந்த இடத்தில், எத்தனை வருடத்துக்கு, யார் பாதுகாப்பது? நிறுவனம் கைமாறினால் அந்தப் பொறுப்பு யாருக்கு? மூடும் செலவுக்கான பணத்தைச் சுரங்கம் திறக்கும் முன்பே வைப்புத்தொகையாகக் கட்டியிருக்கிறார்களா?

4. சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் ஃப்ளூரைடு அளவும் தோண்டும் முன்பே பதிவாகியிருக்கிறதா? முன்னாலேயே அளந்து வைக்காவிட்டால், பிறகு கெட்டதை யாராலும் நிரூபிக்க முடியாது.

5. மாவட்ட கனிம அறக்கட்டளைப் பணம் எங்கே போகிறது? 2015 சட்டத் திருத்தத்தால் வந்த இந்த அறக்கட்டளை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கே செலவிட வேண்டிய நிதி. ஆட்சியர்தான் இதன் தலைவர். அந்த நிதியில் எவ்வளவு பள்ளிக்கும் தண்ணீருக்கும் தொழிற்பயிற்சிக்கும் போனது, எவ்வளவு குவாரி லாரி ஓடும் சாலையைச் செப்பனிடப் போனது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டும், தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். சாமல்பட்டியில் ஒரு கல்கூட எடுக்கும் முன், இன்று ஓடிக்கொண்டிருக்கும் குவாரிகளின் கணக்கிலேயே இந்தக் கேள்வியைத் தொடங்கலாம்.